ஜன்னல் இல்லாத தெற்குச் சுவர்

எங்கள் வீட்டின் தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. குடிவந்த நாளிலிருந்து அதை ஒரு குறை என்று மட்டுமே நினைத்திருந்தேன். ஏன் என்று முதலில் கேட்டவர், அளவெடுக்கப் புதுக்கோட்டையிலிருந்து வந்த பெண் இன்ஜினியர்.

டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டைச் சுற்றி வந்தவர், தெற்குப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். "காத்து வர்ற பக்கமே இதுதான் சார். இதப் போய் அடைச்சு வச்சிருக்கீங்க. யாரு பிளான் போட்டது?"

பிளான் என்று எதுவும் இருந்ததில்லை. அப்பா கொத்தனாரைக் கூட்டிவந்து, மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டிய வீடு. தெற்கே ஜன்னல் வைத்தால் வெயில் அடிக்கும் என்று அப்போது சொன்னார். எங்கள் வீட்டில் வெயில் அடிப்பது மேற்கிலிருந்து. மேற்கில் இரண்டு ஜன்னல் வைத்திருந்தார்.

இன்ஜினியர் இன்னொன்றையும் கவனித்தார். வீடு மனையின் நடுவில் இல்லை. வடக்கு மதிலோடு ஒட்டி நிற்கிறது. தெற்கே மட்டும் கிழக்கு மேற்காக நீளமாக ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. அதில் நடுவே ஒரு கறிவேப்பிலை மரம், துணி காயப்போடும் கொடி, மதிலோரம் சில தென்னைகள். வாஸ்து பார்க்கிறவர்கள் வடக்கிலும் கிழக்கிலும்தான் கூடுதலாக இடம் விடுவார்கள். அப்பா வாஸ்து பார்க்கிறவர். இருந்தும் நேரெதிராகச் செய்திருந்தார்.

"நமக்கு நல்லதாப் போச்சு," என்றார் இன்ஜினியர். நாங்கள் யோசித்துக்கொண்டிருந்த அறைக்கு அந்தத் துண்டு நிலம்தான் வாகான இடம்.

அறை என்றால் தரைக்குக் கீழே. ஆலங்குடியில் எந்த வீட்டிலும் அப்படி ஓர் அறையை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் பேஸ்மட்டம் என்றால் தரைக்கு மேலே எழுப்புகிற அடிக்கட்டுதான். கீழே இறங்குகிற அறைக்கு அண்டர்கிரவுண்டு என்று சொல்ல வேண்டும், சொன்னால் சிரிப்பார்கள். யோசனை என் மனைவியுடையது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டுக்குள் உட்கார முடியாது. மாடி எடுத்தால் மாடியும் சேர்ந்து காயும். ஏசி அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை, மூக்கடைத்துக்கொள்ளும். மண்ணுக்குள் ஓர் ஆள் ஆழத்தில் வெயில் ஏறுவதும் இறங்குவதும் அவ்வளவாகத் தெரியாது என்று பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினாள். வீட்டை ஒட்டித் தோண்டி, அடுப்படியிலிருந்து படி இறக்கி, ஓர் அறை. மேலே வழக்கம்போலத் துணி காயலாம். சென்னையில் இருக்கும் மகன் போனில் கேட்டுவிட்டு, நல்ல ஐடியா அம்மா என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மகனுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. நான் அப்போது திருச்சியில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன். பிரசவத்துக்காக இங்கே வந்திருந்த மனைவியைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நான் அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் மயக்கம் தெளிவதற்குள் அப்பாவும் சித்தப்பாவும் குழந்தையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவள் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

சின்னக் குழந்தைகளை எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை. சொந்த நிலத்தில் புதைப்பார்கள். இடத்தைப் பெற்றவளுக்குச் சொல்வதில்லை. சொன்னால் அங்கேயே போய்க் கிடப்பாள் என்பார்கள். அடுத்த பிள்ளை தங்காது என்றும் சொல்வார்கள். கணவனுக்குத் தெரிந்தால் மனைவிக்குத் தெரிந்துவிடும் என்பதால் அவனுக்கும் சொல்வதில்லை. கொல்லையில் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அந்தக் கொல்லை அப்போது கடலை போடுகிற நிலம். பிறகு அதில்தான் அப்பா இந்த வீட்டைக் கட்டினார். திருச்சியை விட்டு இங்கே குடிவர என் மனைவி சம்மதிக்க மாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கேட்ட அன்றே சரி என்றாள்.

அப்பா இறந்துபோனார். இடம் தெரிந்தவர் என்று மிச்சம் இருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, திருச்சியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அவரைப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில்தான் மனைவி அறை கட்டுகிற பேச்சை எடுத்தாள். இந்த இரண்டையும் நான் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவில்லை.

இன்ஜினியர் போட்ட முதல் பிளானில் அறை தெற்கு நிலத்தின் நடுவில் இருந்தது. சித்தப்பாவிடம் காட்டாமல் குடும்பத்தில் யாரும் மண்ணைத் தொடுவதில்லை என்று மனைவி சொன்னாள். அவரைச் சாப்பிட அழைத்தாள். கட்டுமாவடிக் கடல் மீன் வருகிற நாளாகப் பார்த்து அழைத்தாள். அவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, வாசலில் கால் கழுவும்போதே தொடங்கிவிட்டார்.

"என்னப்பா, பேப்பர்காரன் வீட்டுக்கு அடியில பங்கர் வெட்டுறானாம்ல. ஊரே பேசுது. எந்த நாட்டுக்காரன் குண்டு போட வாரான்?"

"வெயில்தான் மாமா குண்டு போடுது," என்றாள் மனைவி.

சாப்பிட்டு முடித்ததும் பிளானை அவர் முன்னால் விரித்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். எது அடுப்படி, எது மதில் என்று விரலை வைத்துக் கேட்டார். விரல் தெற்கு நிலத்துக்கு வந்ததும் நின்றது. தெற்கே பள்ளம் எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார். வாஸ்து என்றார். மனைவி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சரிங்க மாமா, மாத்திப் போடச் சொல்றேன் என்று தாளைச் சுருட்டி வைத்தாள்.

அடுத்த பிளானில் அறை மேற்குக் கோடிக்குப் போயிருந்தது. தெற்கும் மேற்கும் கூடுகிற அந்த இடம் கன்னி மூலை. வாஸ்து தெரியாதவனுக்கும் தெரியும், கன்னி மூலையில் பள்ளம் கூடவே கூடாது. இன்ஜினியரும் தயங்கித்தான் போட்டுக் கொடுத்தார். நான் சண்டை வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா தாளைப் பார்த்தார். முகம் தெளிந்திருந்தது.

"இங்கிட்டுன்னா எடுத்துக்கங்க. ஒண்ணும் பண்ணாது," என்றார்.

பத்திரிகை வேலையில் ஒரு பழக்கம் வந்துவிடும். ஆள் சொல்வதையும் அதற்கு முன்னால் சொன்னதையும் தன்னையறியாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருப்போம். தெற்கே பள்ளம் ஆகாது என்றவர் கன்னி மூலைக்கு எப்படி ஒப்புக்கொண்டார் என்று எனக்குள் ஒரு கேள்வி நின்றது. மனைவியைப் பார்த்தேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை கிழக்குக் கோடி. அதற்கும் சரி என்றார். நல்ல இடம், அடுப்படிக்குப் பக்கம் என்று காரணமும் சொன்னார். நான்காவது முறை அறை மறுபடியும் நடுவுக்கு வந்தது. முன்பு இருந்த இடமில்லை. மதிலை விட்டு வீட்டுப் பக்கமாகச் சற்றுத் தள்ளி. இன்ஜினியருக்குச் சலிப்புத் தட்டியிருக்க வேண்டும். டீச்சர் முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் வயதானால் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை என்றுதான் எண்ணியிருந்தேன்.

அந்த நான்காவது தாளைச் சித்தப்பா முழுதாக விரிக்கக்கூட விடவில்லை. அங்கே செம்புறாங்கல் இருக்கும், கடப்பாரை இறங்காது என்றார். ஜேசிபி எடுத்துவிடும் என்றேன். மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும் என்றார். சற்றுப் பொறுத்து, கறிவேப்பிலை மரம் பட்டுப்போகும் என்றார். ஒரு காரணம் சொல்கிறவனிடம் ஒரு காரணம் இருக்கும். மூன்று காரணம் சொல்கிறவனிடம் நான்காவதாக ஒன்று இருக்கும். செய்தி எழுதிய காலம் முழுக்க இதை நம்பியிருக்கிறேன். அன்று என் வீட்டுக் கூடத்திலேயே அது நடந்தபோது, தாளில் இருந்த கட்டம் வீடு கட்டுகிற கட்டமாக எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்க முடியாத ஒரு கேள்வியை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வைத்துக்கொண்டு என்ன ஆகிறது என்று பார் என்று பிள்ளைகளுக்குச் சோதனை சொல்லிக்கொடுத்தவள்.

சித்தப்பா போன பிறகு கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் போனேன். அவர் வேண்டாம் என்ற இடத்துக்கும் அந்தக் கொடிக்கும் சில எட்டு தூரம்.

"நீ ரூம் கட்டப் பாக்குறியா, இல்ல இதுக்காகவா?"

"ரெண்டும்தாங்க," என்றாள். துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "வெயிலு பொய்யில்லையே."

பிறகு, ஆஸ்பத்திரியில் சித்தப்பாவைப் பார்த்தபோது ஐ.சி.யு. கண்ணாடிக்கு வெளியே நின்று தனக்கு என்ன தோன்றியது என்று சொன்னாள். எல்லோரும் அவர் பிழைக்க வேண்டும் என்று நின்றார்களாம். இவளும் அதற்குத்தான் நின்றாளாம். ஆனால் அவரோடு அந்த இடமும் போய்விடும் என்ற நினைப்புதான் முதலில் வந்ததாம். நேரே கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் இல்லை என்றோ ஞாபகமில்லை என்றோ சொல்லிவிடுவார். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு அதிலேயே நின்றுகொள்வார் என்றாள். பேட்டி எடுக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

அடுத்து அவர் வந்த அன்று மீன் இல்லை, சாம்பார்தான். பிளானும் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், எங்கம்மா தாளு, இன்னைக்கு எந்தப் பக்கம் கொண்டு போயிருக்க என்று அவரே கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். அவள் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, அந்தக் கறிவேப்பிலைக்கிட்டதானே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். துண்டை மடித்தார். மறுபடி விரித்து மடித்தார்.

"அதெல்லாம் பெத்தவ கேக்கக் கூடாது ஆத்தா. அடுத்த புள்ள தங்காதும்பாக."

"அடுத்த புள்ளைக்குத் தலை நரைக்க ஆரம்பிச்சிருச்சு மாமா. இனிமே எங்க போகப் போறான்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை முடிக்க அவரால் முடியவில்லை. வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். மரத்துக்கு வீட்டுப் பக்கமாக, கை நீட்டினால் தொடுகிற தூரம். அப்போது மரம் இல்லை. தானாக முளைத்தது பிறகுதான். அண்ணன் குழி வெட்டினார், குழந்தை தன் கையில் இருந்தது. வீடு கட்டக் கோடு போட்டபோது, அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போடச் சொன்னதும் அண்ணன்தான். அந்தப் பக்கம் ஜன்னல் வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொன்னதும் அவர்தான். மருமகப் புள்ள தெனம் அங்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாதுடா என்றாராம்.

தினமும் கறிவேப்பிலை பறிக்க அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

அவள் ஒன்று மட்டும் கேட்டாள். "எதுல சுத்துனீங்க மாமா?"

"ஒன்னோட சேலதான். மஞ்ச நூல் சேல, கருப்புக் கரை போட்டது. பெத்தவ துணியில இருக்கட்டும்னு அண்ணன் வீட்டுல போய் எடுத்தாந்துச்சு."

"அதக் காணமேன்னு தேடிக்கிட்டுக் கெடந்தேன்," என்றாள் அவள். "வெளுக்கப் போட்டதுல போயிருச்சுன்னு ஒருத்தியத் திட்டக்கூடச் செஞ்சேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்க் காபி போட்டாள். அவருக்குச் சர்க்கரை போடாத காபிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று சர்க்கரை போட்டிருந்தாள். அவர் மறுக்காமல் குடித்தார்.

அவரைப் பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் அந்த நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். வழியெல்லாம் எனக்கும் கேட்க ஒன்று இருந்தது. கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான்; எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பஸ் வந்து நின்று, கூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது அவரே என் கையைப் பிடித்தார்.

"கனமே இல்லப்பா," என்றார். "அதான் எனக்கு மறக்கல."

படியில் ஏறிவிட்டார். யாரோ ஒரு பையன் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தான். பஸ் திரும்புகிறவரை நின்றுவிட்டு நடந்து வந்தேன். வீட்டில் அவளைக் காணவில்லை. தெற்குப் பக்கம் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கறிவேப்பிலை மரத்தடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்திருக்கலாம். நான் இன்னொரு நாற்காலி எடுத்து வந்து போட்டுக்கொண்டேன். எங்களுக்கு முன்னால் இருந்தது அந்த வெற்றுச் சுவர். மழை வழிந்த கறை, பல்லி ஒன்று, தண்ணீர்க் குழாய் இறங்குகிற கோடு. இத்தனை வருடம் வீட்டுக்குள் இருந்தே அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்.

அறையை இனிக் கட்ட மாட்டாள் என்று நினைத்தேன். மறுவாரம் இன்ஜினியரை வரச் சொல்லியிருந்தாள்.

இடம் முடிவாகிவிட்டது என்றாள். கிழக்குக் கோடி. கறிவேப்பிலையிலிருந்து நன்றாகத் தள்ளி. அந்த மரத்தின் பக்கம் ஜேசிபி திரும்பக்கூடக் கூடாது. அங்கே கல், மணல், ஜல்லி எதுவும் கொட்டக் கூடாது. ஆட்கள் நடக்கக் கூடாது. கயிறு கட்டிவிட வேண்டும். வேர் அடிபட்டால் மரம் பட்டுப்போகும் என்று காரணம் சொன்னாள். சித்தப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்ட காரணம். இன்ஜினியர் எழுதிக்கொண்டார்.

பிறகு, அறையின் மேற்குச் சுவரில், மரம் இருக்கும் பக்கத்தில், ஒரு ஜன்னல் வேண்டும் என்றாள்.

இன்ஜினியருக்கு அது பிடிக்கவில்லை. மேற்கு வெயில் இறங்கும், மழைத் தண்ணீர் தெறிக்கும், தெற்குச் சுவரில் வென்டிலேட்டர் வைத்தால் காற்று வரும் என்றார். தெற்கிலும் வை, இங்கேயும் வை என்றாள். வென்டிலேட்டர் மாதிரி கூரையோரம் வேண்டாம். நின்றால் வெளியே மண் தெரிய வேண்டும். இன்ஜினியர் தாளின் ஓரத்தில் ஒரு படம் போட்டுப் பார்த்தார். ஜன்னல் தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தால்தான் தண்ணீர் உள்ளே வராது. அறைக்குள் நிற்கிறவரின் கண் அந்த மட்டத்துக்கு வர வேண்டும் என்றால் அறையை நினைத்த ஆழத்துக்கு இறக்க முடியாது. கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். குளிர்ச்சி குறையும்.

"குறைஞ்சாக் குறையட்டும்," என்றாள் மனைவி.

"அப்ப ஒங்க ஒயரத்த வச்சுத்தான் டீச்சர் ஆழத்தையே முடிவு பண்ணணும்," என்று சிரித்தார் இன்ஜினியர். இப்படி ஒரு அளவை வைத்து எந்த வீட்டுக்கும் பிளான் போட்டதில்லை என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

பேரூராட்சி அனுமதி இன்னும் வரவில்லை. மழைக்காலம் கழிந்துதான் மண்ணில் கை வைக்க முடியும். அறை எப்படியிருக்கும் என்று இப்போதைக்குச் சொல்லக் கூடியது ஒன்றுதான் இருக்கிறது.

அன்று இன்ஜினியர் அளவெடுக்க அவளைத் தெற்குச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். அந்த அறைக்குள் செருப்புப் போட மாட்டேன் என்றாள். வயதால் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்திக்கொண்டாள். டேப்பின் முனையை நான் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இன்ஜினியர் அவள் கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு விரக்கடை எறக்கிப் போடும்மா," என்றாள். "போகப் போகக் குறுகிருவேன்ல."

இன்ஜினியர் அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டார்.